பால்மரக் காட்டை அறிந்தவர்களுக்கு ஒரு காட்டுச் செய்தி

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயராம். அந்த வட்டாரத்தில் கித்தா நட்டார்கள். 1938-இல் கடற்படைத் தளம் திறந்தார்கள். நம்மவர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் அங்கே பாடுபட்டார்கள். இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். செம்பவாங் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் பூங்காவுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

தெற்கே கொஞ்சம் தள்ளிப் போனால் நீ சூன் சதுப்புக் காடு. கித்தாவுக்கும் அன்னாசிக்கும் பேர்போன முதலாளி லிம் நீ சூன் பெயரைத் தாங்கி நிற்கும் இந்தக் காடுதான் சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் நன்னீர்ச் சதுப்புக் காடு. வேடிக்கைதான்! இந்தத் தீவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடைக்காத நண்டு வகை ஒன்று இங்கே வாழ்கிறது. பக்கத்திலேயே ராணுவப் பயிற்சி நிலம். யாரும் இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது.

"பார்க்கவே விடாத காட்டிலே பிள்ளைங்க என்னத்தைப் படிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விட்டால் என்ன ஆகும் என்பதைப் புக்கிட் தீமாவில் பார்த்துவிட்டோம். 163 ஹெக்டர் காடு அது. நடந்து நடந்தே பாதை அகன்றது, வேர் வெளியே வந்தது, மண் கரைந்தது. பழுது பார்ப்பதற்காக 2014 செப்டம்பரில் மூடியவர்கள் 2016 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தார்கள். மேட்டுக் காட்டில் படி வெட்டி, கொடிப்பயிர் படரவிட்டு மண்ணைக் காத்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதன் காலால் மட்டுமா கெடுத்தான்? 1986-இல் திறந்த விரைவுச்சாலை புக்கிட் தீமாவையும் நடுக்காட்டையும் இரண்டாக வெட்டிப் போட்டது. அழுங்கும் மற்றப் பிராணிகளும் கடந்து போக மரம் வளர்த்த மேம்பாலம் ஒன்றை 2013-இல் கட்டி முடித்தார்கள். வெட்ட ஒரு காலம், ஒட்ட ஒரு காலம்.

இப்போது தேசியப் பூங்காக் கழகம் காட்டைச் சுற்றி ஸ்பிரிங்லீஃப், செஸ்ட்நட், வின்ட்சர் என்று இயற்கைப் பூங்காக்களை வேலி மாதிரி அமைத்திருக்கிறது. கூட்டம் அங்கே போகட்டும், உள்காடு மூச்சு விடட்டும் என்பது யோசனை. நமக்கு இது சரியாகவே படுகிறது. காட்டு ஓரங்களில் பழைய கித்தா மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் நடுவே காட்டு மரங்கள் முளைத்து எழுவதைப் பார்ப்பதே நல்ல பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கப் பால் வெட்டிய பாட்டியைவிட வேறு வாத்தியார் யார் இருக்கிறார்? பள்ளிக்கூடங்கள் அவர்களைக் கூப்பிடுவதில்லை. அதுதான் நம் குறை.

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கிராஞ்சிப் பக்கம் சுங்கை பூலோவுக்குப் போகலாம். இறால் குட்டையாக இருந்த இடம். 1993-இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002-இல் காப்பகம் ஆக்கினார்கள். செப்டம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போனால் வடதேசத்துப் பறவைகளைப் பார்க்கலாம். ஆனால் எந்தக் காட்டுக்குப் போனாலும் குரங்குக்குக் கடலை கொடுக்காதீர்கள். 2020 முதல் காட்டுப் பிராணிக்குத் தீனி போட்டால், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.