தேத்தண்ணிக்கு முந்திய வெப்பம்

இலங்கையின் எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் இருட்டோடு இருட்டாக அடுப்பு எரியத் தொடங்கிவிடும். தேத்தண்ணி, ரொட்டி, பிறகு வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டு. பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண் தன் உடல் வெப்பத்தைக் குறிக்க நினைத்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்பே குறித்துவிட வேண்டும். கண் விழித்ததும், போர்வைக்குள் இருந்தபடியே, தலைமாட்டில் வைத்த வெப்பமானியை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். ஒரு மிடறு தேத்தண்ணி உள்ளே போனாலே அன்றைய கணக்குப் பிழைத்துவிடும். இரவு குறைந்தது மூன்று மணி நேரமாவது விடாமல் உறங்கியிருக்கவும் வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? பிடிக்க வேண்டிய மாற்றம் அவ்வளவு சின்னது. சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியதும், அது இருந்த இடம் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டைச் சற்றே உயர்த்திவிடும். நேற்றுவரை 36.4 பாகை செல்சியஸ் காட்டிய உடம்பு 36.8 காட்டும். ஏற்றம் பொதுவாக 0.3 முதல் 0.5 பாகைதான். அதனால் தசம இலக்கம் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி நல்லது. முந்திய ஆறு நாளையும்விட வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால், முட்டை வெளியேறிவிட்டதாகக் கொள்ளலாம்.

பலர் ஏமாறுவது இங்கேதான். வெப்பம் ஏறும்போது நேரம் கடந்திருக்கும். முட்டையின் ஆயுள் அதிகம் போனால் ஒரு நாள். விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும். 1995இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முட்டை வெளியேறும் நாளோடு முடியும் ஆறு நாட்களில் சேர்ந்தவர்களுக்கே கரு தங்கியது. ஆகவே ஒரு மாதக் குறிப்பை வைத்து அந்த மாதத்துக்கே நாள் குறிக்க முடியாது. இரண்டு மூன்று மாதக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால்தான் அவளுடைய ஒழுங்கு தெரியும். முன்கூட்டிச் சொல்வது வேறொன்று: கோழிமுட்டையின் வெள்ளைக்கருபோல் வழுவழுப்பாக இழுபடும் வெள்ளைப்படுதல். அந்த நாட்களைத் தவறவிடக் கூடாது.

காய்ச்சல் கண்ட நாளையும் தூக்கம் கெட்ட இரவையும் கொப்பியில் தனியாகக் குறித்து வையுங்கள். ஏறிய வெப்பம் 18 நாளாகியும் இறங்கவில்லையா, கர்ப்பப் பரிசோதனை செய்யலாம்.

ஒரு வருடம் முயன்றும், 35 வயதைத் தாண்டியவர் என்றால் ஆறு மாதம் முயன்றும் பிள்ளை தங்காவிட்டால், கொப்பியோடு கிளினிக்குக்குப் போக வேண்டும். பெண் மட்டும் போவது நியாயமில்லை. பிள்ளையில்லாத குறை ஏறத்தாழ பாதித் தம்பதியரில் ஆணின் பக்கமும் இருக்கிறது. அதை எந்த வெப்பமானியும் காட்டாது. கணவரும் கூடவே போய் விந்துப் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கட்டும். ஃபோலிக் அமிலக் குளிசையை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். பிள்ளைக்கு முயலத் தொடங்கும் நாளிலேயே மருத்துவமாதுவிடம் கேட்டு வாங்குங்கள்.