வரலாற்றுப் பிரிவும் பஞ்சமி நிலமும்

மேல்நிலை முதலாண்டில் மதிப்பெண் குறைந்த நம் பிள்ளைகளை வரலாற்றுப் பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். தள்ளுகிறவர்களுக்கு அப்பாடத்தின் வலிமை தெரியாது. செயல்திட்டம் என்றாலோ, கடையில் வாங்கிய தலைவர் படங்களைச் சார்ட்டில் ஒட்டுவதோடு சரி.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் நில ஒப்படைக்கு அரசாணை வந்தது. 10 ஆண்டுகள் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் அந்நிலங்கள் கைமாறின. நம் ஊரில் அவை எங்கே? கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டில் புல எண்களைக் குறித்து, இன்று அங்கே உழுபவர் யார், நிலம் எப்படிப் போனது என்று சேரிப் பெரியவர்களிடம் கேட்டெழுதினால், அதுதான் செயல்திட்டம். பதிவேட்டைக் காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வீட்டார் பெயரில் மனுப் போடலாம். குடிமையியலும் அதில் அடங்கிவிடும்.