பாண்டமைம்: சொல்லும் பொருளும்

பாண்டமைம் என்னும் கூத்தினை ‘ஊமைக்கூத்து’ எனத் தமிழில் பெயர்த்து வழங்குவர் பலர். இக்காலத்துப் பேசா நடிப்பிற்கு அப்பெயர் பொருந்தும். அக்கலை உருப்பெற்ற உரோம அரங்கினை நோக்குவார்க்கோ அதன் பொருந்தாமை புலனாகும்.

‘பாண்டோமிமோஸ்’ என்பது கிரேக்கச் சொல். ‘எல்லாம்’, ‘போலச் செய்பவன்’ என்னும் இரு சொற்களின் கூட்டு அது. முதற்கண் கலையைக் குறியாது கலைஞனையே குறித்தது. பேசாமை என்னும் பொருள் அதன்கண் இல்லை. கதையில் வரும் தெய்வம், அரசன், காதலி ஆகிய அனைவரையும் ஒருவனே முகமூடி மாற்றி ஆடிக் காட்டியமையின் இப்பெயர் எய்திற்று எனக் கொள்ளலாம். பெயர் கிரேக்கமாயினும், கிரேக்கர் இதனை ‘இத்தாலிய ஆடல்’ என்றே வழங்கினர்.

அகஸ்டஸ் ஆட்சியில், கி.மு. 22-ஆம் ஆண்டளவில், சிலீசியா நாட்டுப் பைலடீஸும் அலெக்சாந்திரியா நகரத்துப் பாத்தில்லஸும் இக்கூத்தினை உரோமில் நிலைநாட்டினர் என்பது பண்டையோர் கூற்று. முன்னவன் அவலக் கதைகளில் வல்லவன். பின்னவன் இலகுவான கதைகளில் வல்லவன். மெய்ப்பாட்டால் கதை உணர்த்தும் ஆடல் கிரேக்கரிடை முன்னரே இருந்தமையின், இவர்களைப் படைத்தோர் எனல் மிகையாம். பைலடீஸின் புதுமை வேறு. ஆடுவோனே பாடும் வழக்கை மாற்றி, பாட்டினைப் பாடற்குழுவினரிடம் அவன் ஒப்படைத்தான் என்பர். ஆடலால் மூச்சு வாங்கிப் பாட்டுக் குலைந்தமையே இப்பிரிவினைக்குக் காரணம் என்பார், கி.பி. 2-ஆம் நூற்றாண்டினராகிய லூசியன்.

அவல நாடக முகமூடியின் வாய் திறந்திருக்கும்; இக்கூத்தின் முகமூடியோ வாய் மூடியது. எனினும் அரங்கு ஊமையன்று. பாடற்குழுவும் குழலும் காலால் மிதித்து ஒலிக்கும் தாளக்கருவியும் அங்கு முழங்கின. இவ்வொலியே அவையோரை மயக்குகின்றது, ஆடலில் பொருளில்லை என நீரோ காலத்து மெய்யியலாரான டெமெட்ரியஸ் இகழ்ந்தாராம். ஆடுவோன் இசை முழுவதையும் நிறுத்தச் செய்து, ஏரீஸ், அப்ரோடைட் காதற்கதையைத் தனித்து ஆடினான். கைகளாலேயே பேசுகின்றாய் என அவர் வியந்தார். லூசியன் உரைக்கும் இந்நிகழ்ச்சியை ஊமைக்கூத்திற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. இசையின்றி ஆடுதல் வழக்கமன்று, அருஞ்செயல் என்பதையே அது காட்டுகின்றது.

உரோமரின் ‘மைம்’ நாடகத்தில் நடிகர் முகமூடியின்றி வாய்விட்டுப் பேசினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இன்று அப்பெயரே பேசாமைக்கு உரியதாயிற்று!

ஒருவர் பாட மற்றொருவர் அபிநயிக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஆயினும் அவ்வொப்புமை கொண்டு பிறப்புத் தொடர்பு காட்டல் இயலாது. உரோமக் கூத்தினைப் ‘பல்வேடத் தனியாடல்’ என வழங்கி, ஊமைக்கூத்து என்னும் பெயரைப் பிற்காலப் பேசா நடிப்பிற்கே உரியதாக்கலாம்.