பழைய லாரியும் ஒரு சிறு ஊசியும்

நமது சங்கக் கிடங்கில் நெடுநாளாக ஓய்ந்து நின்ற லாரியை அங்கத்தினர்களில் அறியாதார் இலர். நூற்சிப்பங்களையும் நிலக்கடலை மூட்டைகளையும் ஒருங்கே சுமந்து, நெசவாளரையும் குடியானவரையும் ஒரே சந்தைக்குக் கொண்டு சேர்த்த வண்டி அது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களைப் பூட்டி நம் நாட்டில் வண்டிகளை விற்று வந்தனர். அவ்வாறு வந்த செவர்லே லாரிகளுள் இஃது ஒன்று.

இதன் கியர்ப் பெட்டியைப் பழுது பார்ப்பதாக எடுத்துச் சென்ற ஒரு பட்டறையார், அதனைப் பிரித்துவிட்டு, பின்பு இயலாதென்று இரண்டு சாக்குகளில் கட்டித் திருப்பி அனுப்பினர். சாக்குகளைக் கண்ட சிலர், லாரியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேரவையில் சொன்னார்கள். மூத்த அங்கத்தினர் பலருக்கு மனம் ஒப்பவில்லை. இனி இவ்வண்டிக்கு வாணிபச் சரக்கு ஏற்றும் வேலை இல்லை என்றாலும், ஆண்டுவிழா நாளில் புதுச் சேலைகளையும் நெற்கதிர்களையும் ஏற்றி ஊரை வலம் வரவேனும் உதவட்டும் என்றார்கள். ஒரு முறை முயன்று பார்ப்பது என்று முடிவாயிற்று.

லாரித் தொழிலில் தலை நரைத்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் செய்த காரியம் நமக்கு வியப்பளித்தது. சுத்தியலைத் தொடவில்லை. வெள்ளைத் துணி ஒன்றை விரிக்கச் சொல்லி, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் இருக்கவேண்டிய வரிசையிலேயே அடுக்கச் செய்தார். அதற்கே ஒரு பகல் கழிந்தது.

கியர்ப் பெட்டியின் தத்துவம் எளியது. எஞ்சின் விரைந்து சுழலும். பாரத்தை இழுக்கும் சக்கரமோ மெல்லச் சுழலவேண்டும். இவ்வண்டியின் முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 7 சுற்றுச் சுற்றினால் பெட்டிக்குப் பின்னுள்ள தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். நான்காம் கியரில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். முதல் கியரும் பின்னோக்கிச் செல்லும் கியரும் பல் நகர்ந்து பல்லோடு கூடுவன. மற்ற மூன்றுக்கும் சின்க்ரோமெஷ் என்னும் அமைப்பு உண்டு. இது 1928-இல் காடிலாக் மோட்டாரில் முதன்முதல் வந்தது. கியரின் கூம்பை ஒரு பித்தளை வளையம் உராய்ந்து, பற்கள் கூடுமுன் இருபுறத்து வேகத்தையும் சமப்படுத்துகிறது. வளையத்தின் உட்பக்க வரிகள் மழுங்கியிருந்தால் அது கூம்பைப் பற்றாது வழுக்கும். நம் வளையங்களில் ஒன்று அவ்வாறு தேய்ந்திருந்தது, அதை மாற்றினோம்.

பூட்டுவதிலும் முறை உண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் துணைத் தண்டும் பின் கியருக்குரிய இடைச் சக்கரமும் முன்னதாகச் செல்லவேண்டும். மேலே பிரதானத் தண்டு வந்துவிட்டால் அவற்றிற்கு வழியில்லை. முன் தண்டின் குழியில் நிற்கவேண்டிய சிற்றுருளைகளைக் கெட்டியான கிரீஸ் தடவி ஒட்ட வைத்து, ஒன்றேனும் சாயாதபடி பிரதானத் தண்டின் முனையை நுழைக்கவேண்டும். பாவு பிணைப்போர் இதனை எளிதில் உணர்வர். தப்பிய ஓர் இழைக்காக முழு வேலையையும் திரும்பப் பார்த்தவர்கள் அல்லவா அவர்கள்!

மேல் மூடியைப் பூட்டும் நேரத்தில், உடனிருந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "மேஸ்திரி ஐயா, இந்த நடுத் தண்டில் குறுக்கே ஒரு துளை வெறுமையாக இருக்கிறதே?"

மேஸ்திரி கூர்ந்து நோக்கினார். "உனக்குக் கண் இருக்கிறது, தம்பி" என்றார்.

மூடியில் கியர்களை நகர்த்தும் தண்டுகள் மூன்று. அவற்றினிடையே எஃகுக் குண்டுகளும், நடுத் தண்டின் குறுக்குத் துளையில் ஒரு சிறு ஊசியும் இருக்கவேண்டும். ஒரு தண்டு நகர்ந்ததும் இவை மற்ற இரண்டையும் பூட்டிவிடும். ஊசி இல்லையேல் ஓரத்திலுள்ள இரு தண்டுகளும் ஒருசேர நகர இடமுண்டு. அப்போது இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழும். ஒரு தண்டு இருவேறு வேகங்களில் சுழல இயலாதாகையால் பற்கள் முறியும், அல்லது பின் சக்கரங்கள் திடீரென இறுகி நிற்கும். சாக்குகளை உதறிப் பார்த்தோம்; ஊசி கிடைக்கவில்லை.

ஆண்டுவிழாவுக்கு இரண்டே நாட்கள் இருந்தன. "நெல்லளவு ஊசிதானே! இப்போது மூடிவிட்டு, விழா முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்றனர் சிலர். மேஸ்திரி மறுத்தார். ஏரிக்கரை இறக்கத்தில் அந்த லாரியின்மேல் அமர்ந்து வரப்போகிறவர்கள் நம் குழந்தைகள் என்பதை நினைத்ததும் நாமும் மறுத்தோம். அவ்வாண்டு ஊர்வலம் மாட்டு வண்டிகளோடு நடந்தது. லாரி வாராமை குறித்து நிர்வாகக் குழு ஏச்சும் கேட்டது.

தண்டின் கனத்தில் ஒரு பள்ளத்தின் ஆழத்தைக் கழித்தால் வருவதே ஊசியின் நீளம். அவ்வளவில் கடைசல்காரர் ஒருவர் கடின எஃகில் செய்து கொடுத்தார். அதனைப் பொருத்தியபின் ஒரு தண்டை நகர்த்தி, மற்றவற்றை அசைத்துப் பார்த்தோம். அசையவில்லை. பின்பு எல்லாக் கியர்களையும் நடுநிலையில் வைத்து மூடியை இறக்கி, கையாலேயே சுழற்றிச் சோதித்தோம். வண்டியில் ஏற்றுகையில், பெட்டியின் பாரம் கிளட்சுத் தட்டின்மேல் தொங்கி அதனை வளைத்துவிடாதபடி, தலையில்லாத இரண்டு நீண்ட போல்ட்டுகளை வழிகாட்டியாக முடுக்கி, அவற்றின்மேல் தள்ளிச் சேர்த்தோம்.

எண்ணெயிலும் கருத்து வேண்டும். நம் நாளில் கடைகளில் கிடைக்கும் ஜி.எல்.-5 தர எண்ணெய்களுள் பலவற்றிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் கலவைகள் பித்தளையை அரிக்கக்கூடும். ஆகவே ஜி.எல்.-4 தரத்து 90 எண்ணெயையே ஊற்றினோம்.

அடுத்த மாதம் ஒரு மாலையில், ஆளேதும் ஏற்றாமல், மேஸ்திரி லாரியை ஏரிக்கரைமேல் ஓட்டிச் சென்று, இறக்கத்தில் மெல்ல இறக்கிக் கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை அருகே நடந்து வந்தான். மறு ஆண்டு விழாவில் குழந்தைகள் ஏறிக்கொண்டனர்.

பிரித்த பொருளை எண்ணி வைப்பதும், எண்ணிக்கை குறைந்தால் கூச்சமின்றி நிறுத்துவதும் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் உரிய ஒழுக்கமன்று. சாக்குகளைத் திருப்பி வாங்கிய அன்றே நாம் பாகங்களை எண்ணியிருக்கவேண்டும். அந்தக் குறை நம்முடையது. இனிப் பழுதுக்குச் செல்லும் சங்கப் பொருள் எதுவாயினும், தறியாயினும் பம்பு செட்டாயினும், பாகங்களின் பட்டியல் எழுதிக் கையொப்பம் பெற்றே அனுப்பப்படும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. அங்கத்தினர்களும் தத்தம் இல்லங்களில் இதனைக் கைக்கொள்வார்களாக.