குயர் நோட்டும் குரூப் 4-ம்

மங்கலம்பேட்டைப் பக்கம் படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கண்ணுக்கெட்டிய வேலைகள் மூன்று வகை. விருத்தாசலத்தில் பொம்மையும் இன்சுலேட்டரும் செய்யும் பீங்கான் பட்டறைகள் ஒன்று. நெய்வேலியில் என்.எல்.சி. அப்ரண்டிஸ் அடுத்தது. மூன்றாவது, வீட்டில் எல்லோரும் ஆசைப்படும் டி.என்.பி.எஸ்.சி. அரசு வேலை. பட்டறையில் சேர, தெரிந்தவர் ஒருவர் சொன்னாலே பெரும்பாலும் போதும். மற்ற இரண்டுக்கும் தாள் வேண்டும், தேதி வேண்டும். பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதற்காக விடிய விடியப் படிக்கிறவரிடம் டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் செய்த நிரந்தரப் பதிவின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டுப் பாருங்கள். பிரவுசிங் சென்டர் அண்ணனைக் கைகாட்டுவார். 150 ரூபாய் கட்டி, 5 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் அந்தப் பதிவைச் செய்து கொடுத்தவர் அவர்தான். மெயில் ஐடியும் அவர் உருவாக்கியது. கொடுத்த செல் நம்பர், ஆஃபர் முடிந்ததும் தூக்கிப் போட்ட பழைய சிம். அடுத்த அறிவிக்கை வரும்போது ஓ.டி.பி. யாருக்கோ போகும். சென்டர்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எத்தனை பேருடையதைத்தான் நினைவு வைத்துக்கொள்வார்?

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இட ஒதுக்கீடு தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, கடைசிப் படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்று காட்ட வேண்டும். ஐந்தாவது வரை மங்கலம்பேட்டையிலும் பிறகு விருத்தாசலத்திலும் படித்தவர் இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் போயாக வேண்டும். சான்றிதழைப் பதிவேற்றக் கெடு வைத்த வாரத்தில் பள்ளி விடுமுறையாக இருந்தால் என்ன செய்வது? தேர்வுக்கு முன்பே, பள்ளி நடக்கும் ஒரு சாதாரண நாளில் போய் வாங்கி வைத்தவருக்கு இந்த ஓட்டமே இல்லை.

கட்டணச் சலுகையிலும் ஒரு கண்ணி உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 3 முறைதான் தேர்வுக் கட்டணம் இலவசம். முடிந்துபோன சலுகையைத் தெரியாமல் மறுபடி கேட்டாலும் தவறான தகவல் தந்ததாகிவிடும், விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். எந்த ஆண்டு எந்தத் தேர்வுக்கு இலவசமாகப் போட்டோம் என்பது பரணில் கிடக்கும் பழைய பிரிண்ட்-அவுட்டில் இருக்கும்.

நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் நிற்பது ஆதாரில் பின்னால் போய்விடும், அல்லது அப்பா பெயராக விரிந்து நிற்கும். சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடும். இதை விண்ணப்பிக்கிற அன்று கண்டுபிடித்தால் அழுவதைத் தவிர வழியில்லை. எல்லாவற்றையும் ஒருநாள் தரையில் பரப்பிவைத்து ஒப்பிட்டால், எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துவதுதான் எளிது.

இதற்கெல்லாம் ஆப் எதுவும் வேண்டாம். ஒரு குயர் நோட்டு போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம்: விண்ணப்ப எண், கட்டிய பணம், கடைசித் தேதி, கொடுத்த செல் நம்பர். முதல் பக்கத்தை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கு ஒதுக்கலாம். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். புதுப்பிக்க வேண்டிய மாதத்தைச் சிவப்பு மையில் எழுதலாம். பாஸ்வேர்டை மட்டும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டு பஸ்ஸில் தொலையக்கூடும்.

தனியார் கம்பெனிக்கு முயல்கிறவர்களுக்கு இந்த நோட்டு இன்னும் அவசியம். நாலைந்து இடத்தில் பயோடேட்டா கொடுத்திருப்பார்கள், போன் வந்ததும், "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டால் அங்கேயே பாதி வேலை போச்சு. போனில் ஒரு சம்பளம் சொல்லி, நேரில் போனால் பிடித்தம் போக வேறு கணக்குச் சொல்பவர்களும் உண்டு. பேசியவர் பெயர், தேதி, தொகை மூன்றும் எழுதி வைத்திருந்தால்தான், "அன்னைக்கு இப்படிச் சொல்லலையே சார்" என்று தயங்காமல் கேட்க முடியும்.