முதலாவது ஸ்மார்ட் தொலைபேசிக்கு எந்தச் சிம்?

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் கிராம அலுவலர், பிரதேச செயலகம், பாடசாலை, வங்கி என எல்லோரும் உங்களிடம் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கேட்பார்கள். காணிக் கச்சேரி, வீட்டுத்திட்டக் கூட்டம் போன்றவை பற்றிய அறிவித்தல்கள் அந்த இலக்கத்துக்கே வரலாம். அழைப்புக் கிடைக்காவிட்டால் நீங்கள் கூட்டத்தைத் தவறவிடக்கூடும். ஆகவே சிம் வாங்குமுன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் உங்கள் வளவில் சிக்னலைப் பாருங்கள்

இலங்கையில் டயலொக், எஸ்.எல்.ரி. மொபிடெல், ஹட்ச் ஆகியன கைத்தொலைபேசிச் சேவை வழங்குகின்றன. எயார்டெல் 2024 இல் டயலொக்குடன் இணைக்கப்பட்டது. நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ நன்றாக வேலை செய்த சிம், உங்கள் ஊரில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. கோபுரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே கிராமத்திலும் சிக்னல் மாறும்.

வெவ்வேறு நிறுவனச் சிம் வைத்திருக்கும் அயலவர்களை உங்கள் வளவுக்கு அழையுங்கள். வீட்டுக்குள், கிணற்றடியில், வயலில் அல்லது கடற்கரையில் நின்று உண்மையாகவே ஓர் அழைப்பை எடுத்துப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் சிக்னல் குறையும். பகலில் ஒரு தடவையும் இரவு ஏழு, எட்டு மணியளவில் ஒரு தடவையும் பாருங்கள். பலரும் பாவிக்கும் அந்த நேரத்தில் இணையம் மந்தமாகலாம்.

2. சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும்

உங்கள் தேசிய அடையாள அட்டையைக் கொடுத்து உங்கள் பெயரிலேயே பதியுங்கள். இன்னொருவரின் பெயரில் உள்ள சிம் தொலைந்தால், அதே இலக்கத்தை நீங்கள் மீளப் பெறுவது கடினம். அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லையெனில் முதலில் கிராம அலுவலரைச் சந்தியுங்கள்.

3. பக்கேஜ் வாங்குமுன் கேட்க வேண்டியவை

மாத வருமானம் நிலையில்லாத குடும்பத்துக்கு, ரீலோட் செய்து பாவிக்கும் முற்கொடுப்பனவு முறை பொருத்தமானது. கடைக்காரரிடம் கேளுங்கள்:

• எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும்?
• டேட்டா முழுநாளும் பாவிக்கலாமா, இரவில் மட்டுமா?
• வட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?
• எல்லா நிறுவன இலக்கங்களுக்கும் பேசலாமா?

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு எடுத்தால் டேட்டா குறைவாகவே செலவாகும். வீடியோ அழைப்புக்கும் யூரியூப்புக்கும் மிக அதிகம் தேவை.

4. தொலைபேசியையும் சரிபாருங்கள்

*#06# என அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரியும். IMEI என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைபேசி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என அறியலாம். பணம் கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள். இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசி நல்லது. வீட்டில் ஒரு நிறுவனமும் தொழில் செய்யும் இடத்தில் இன்னொன்றும் எடுபடுமாயின் இரண்டையும் வைத்திருக்கலாம்.

5. ஏமாறாதீர்கள்

வீட்டுத்திட்டத்தில் பெயர் சேர்ப்பதாகவோ பரிசு விழுந்ததாகவோ கூறிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள். எமது அலுவலர்கள் அதை ஒருபோதும் கேட்கமாட்டார்கள்.

இலக்கத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். மாற்றினால் மேலே சொன்ன எல்லா இடங்களுக்கும் உடனே அறிவியுங்கள். நீண்ட காலம் ரீலோட் செய்யாத சிம் துண்டிக்கப்படலாம்.

வீட்டிலுள்ள எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டியவை: இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. வளவில் எந்த இடத்தில் நின்றால் அழைப்புப் போகும் என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.