மகனே அப்பா, மகளே அம்மா... கொஞ்சலில் தமிழர் போடும் தலைகீழ்க் கணக்கு!

“அப்பா, இங்க வா... சாப்ட்டியாப்பா?” ஐந்து வயது மகனிடம் ஓர் அப்பா இப்படிக் கேட்டால், தமிழ்நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மகளிடம் அவரே, “ஏம்மா, தூக்கம் வருதாம்மா?” என்பார். பிள்ளையைச் சின்னதாக்கிக் கொஞ்சாமல், பெரிய மனுஷனாக்கிக் கொஞ்சுவது நம் வழக்கம். அரபு நாடுகளிலும் தாய்மார்கள் தங்கள் குழந்தையை ‘மாமா’ என்று கொஞ்சுவதுண்டு. அங்கே அதற்கு ‘அம்மா’ என்று பொருள்!

ஊருக்கு ஊர் சொல் மாறும். ஆனால், இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது.

கரை முதல் கரிசல் வரை

மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற மீனவ கிராமங்கள் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலும், அதைச் சுற்றிய வட மாவட்டங்களிலும் பாட்டிக்கு ‘ஆயா’ என்று பெயர். தாயைக் குறிக்கும் ‘ஆய்’ என்ற பழைய சொல்லின் உறவு அது. இதே வடபகுதியில் புழங்கும் ‘நைனா’, அப்பாவைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. பெற்றவரையும் அப்படிக் கூப்பிடலாம். பிள்ளையையும் நண்பனையும்கூட “வா நைனா” என்று கூப்பிடலாம்.

நெல்லை, தூத்துக்குடி பக்கம் பையன் ‘எய்யா’, பெண் ‘எம்மா’ அல்லது ‘தாயி’. மதுரை, சிவகங்கையில் மகள் ‘ஆத்தா’ ஆகிவிடுவாள். குமரியில் ‘மக்கா’, ‘மக்களே’. நிற்பது ஒரே பிள்ளைதான், சொல் மட்டும் பன்மை! கொங்கு நாட்டில் ‘கண்ணு’, ‘சாமி’, ‘அம்முணி’. அங்கே சின்னப் பிள்ளைக்கும் “வாங்க கண்ணு” என்று மரியாதை உண்டு. யாழ்ப்பாணத்தில் “என்ர அப்பன்”, “என்ர குஞ்சு”. இந்தக் குஞ்சு, கூட்டில் பொத்தி வளர்க்கும் பறவைக்குஞ்சு.

தொல்காப்பியத்திலும் உண்டு

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. தோழியும் தலைவியும் ஒருவரை ஒருவர் ‘அன்னை’ என்று அழைப்பதும், தலைவனை ‘என்னை’ என்பதும் பழைய மரபு என்கிறது தொல்காப்பியப் பொருளியலும் அதன் உரையும். ‘என்னை’ என்றால் ‘என் ஐ’, அதாவது என் தலைவன். ‘ஐயா’வுக்கும் அந்த ‘ஐ’தான் வேர்.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு காரணமும் இருந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் ‘பெயரன்’. அதுவே பேரன் ஆனது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற காலத்தில், அதே பெயர் வைத்த மகனை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ‘ஐயா’, ‘அப்பா’, ‘ராசா’ கைகொடுத்தன.

இனிக்காத பக்கம்

இந்தச் சொற்களுக்கு ஒரு நிழலும் உண்டு. வீட்டில் குழந்தையைக் கொஞ்சும் அதே ‘சாமி’யை, வயலில் உழைத்தவர்கள் மேல்சாதி நில உடைமையாளரிடம் கைகட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. நரைத்த தலையைச் சிறுவன்கூட ‘டா’ போட்டு அழைத்த காலமும் அதுதான். சொல் ஒன்றுதான். அன்பால் தருவது வேறு, அச்சத்தால் தருவது வேறு.

சொல் இருக்கும், குரல்?

இப்படிப்பட்ட வட்டாரச் சொற்களைச் சேர்த்துவைக்கச் சிலர் உழைத்திருக்கிறார்கள். கரிசல் சொற்களுக்கு கி.ராஜநாராயணன் 1982-ல் அகராதி தந்தார். 2021-ல் அவர் மறைந்தது, மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் புதுச்சேரியில். கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகனும், விழுப்புரம், கடலூரை உள்ளடக்கிய நடுநாட்டுச் சொற்களை கண்மணி குணசேகரனும் தொகுத்தார்கள்.

ஆனால், அகராதியில் சொல் கிடைக்கும். அதை இழுத்துச் சொல்லும் ராகம் கிடைக்காது. ‘எய்யா’வில் எவ்வளவு கெஞ்சல், எவ்வளவு கோபம் என்பது சொல்பவரின் தொண்டையில் இருக்கிறது. இன்று எல்லா மாவட்டத்துக் குழந்தைகளும் ‘செல்லம்’, ‘தங்கம்’, ‘பேபி’க்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவற்றிலும் அன்பு குறைவில்லை. ஊர்தான் காணாமல் போகிறது.

கையில் இருக்கும் போனிலேயே ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ இருந்தால், அவர் பேரப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரலை ஒருமுறை பதிந்துவையுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு, எந்த ஊர்க்காரர் என்று யாராவது கேட்டால் அதைப் போட்டுக் காட்டலாம்.